குசினி மேடையும் சுவரும் கூடுமிடம்

வரலாற்றாசிரியர்கள் கோட்டை மதிலின் உயரத்தை அளந்திருக்கின்றனர்; கோபுரத்தின் தளங்களை எண்ணியிருக்கின்றனர்; அரசர் பெயரையும் ஆளுநர் பெயரையும் கல்வெட்டுகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் தேடி எடுத்துத் தந்திருக்கின்றனர். ஆயின், ஒரு கல்லும் மற்றொரு கல்லும் கூடுகின்ற இடைவெளியை எதனை இட்டு அடைத்தார்கள், அடைத்த கை எவருடையது, அடைத்தது வெடித்தபோது மீண்டும் அடைத்தவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே. கல்லைக் கல்லோடு சேர்த்து வைத்திருப்பது மூட்டுவாயில் இட்ட சாந்து. அச்சாந்தைக் குழைத்தவர் கூலியாள். அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது மூட்டுவாய்களுள் மிகச் சிறியதொன்றை. குசினியிலே சமையல் மேடை பின்சுவரைத் தொடுகின்ற கோடு அது. அதன் அகலம் ஒரு நெல்மணியின் பருமனைத் தாண்டாது. இதற்கும் ஒரு வரலாறா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். கொக்குவிலில் புதிதாக எழுந்த வீடொன்றின் குசினியை, குடிபூரல் நடந்து ஓராண்டு கழித்துப் பார்த்தால் அந்த நகைப்பு அடங்கிவிடும். மேடை பளபளக்கும் கருங்கற் பலகை. சுவரில் முழங்கை உயரத்துக்கு ரைல்ஸ். இரண்டும் சேருமிடத்தில் மேசன் வெள்ளைச் சீமெந்து பூசிவிட்டுப் போயிருப்பார். அந்தப் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருக்கும். கோப்பை கழுவிய நீர் அதன்வழியே இறங்குகிறது. கீழேயுள்ள அலுமாரிப் பலகை ஊதிப் பிளக்கிறது. சுவரின் மறுபுறத்தில் உப்புப் பூக்கிறது. எறும்பு அதனைப் பாதையாக்குகிறது, கரப்பான் குடியேறுகிறது. இத்தனைக்கும் வீட்டுக்காரர் பழிப்பது மேசனை. மேசன் பழிப்பது சீமெந்தை. இருவருமாகச் சேர்ந்து ஈற்றில் பழிப்பது ஈரத்துணியால் மேடையைத் துடைத்த பெண்ணை.

பழி எவர்மீதும் இல்லை என்பதைப் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் எளிதில் விளக்கிவிடுவார். மேடையைத் தாங்குவது அதன் கீழுள்ள அலுமாரி. சுவரைத் தாங்குவது அத்திவாரம். மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், கோடையில் சுருங்கும். அடுப்பின் சூட்டில் கல் சற்றே விரியும். புதுச்சுவர் தன் பாரத்தாற் சிறிது தாழும். ஆகவே இரண்டும் வெவ்வேறு விதமாக அசைகின்றன. அசைவு மிகச் சிறிதே; எனினும் விறைப்பான எப்பொருளை இடையில் வைத்து அடைத்தாலும் அது வெடித்தே தீரும். சீமெந்து அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இவ்வுண்மையைக் கட்டடக் கலைஞர் அறிவர். அறிந்தும் நம் குசினிகளில் அந்தக் கோடு இன்னும் சீமெந்தாலேயே நிரப்பப்படுவது ஏன்? அதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கொக்குவில், யாழ் நகரிலிருந்து வடக்கே காங்கேசன்துறை வீதியில் சிறிது தூரத்திலே இருப்பது. புகையிரத நிலையமும் 1910இல் தோன்றிய இந்துக் கல்லூரியும் அதன் அடையாளங்கள். கொக்குவிலும் அயலூர் கொண்டாவிலும் ஒருகாலத்தில் சுருட்டுக்குப் பேர்போனவை. கொட்டில்களிலே குந்தியிருந்து சுருட்டியவரின் உழைப்பு, தென்னிலங்கைக் கடைகளில் விலையாகிப் பணமாகத் திரும்பி வந்தது. அப்பணத்தின் ஒரு பங்கும், அரசாங்க உத்தியோகச் சம்பளத்தின் ஒரு பங்குமே இங்குள்ள பழைய கல்வீடுகளாக நிற்கின்றன. கல்வீடு எழுந்தபோதும் குசினி கல்லாக மாற நெடுங்காலம் சென்றது என்பது கவனிக்கத்தக்கது. தலைவாசலுக்கும் விறாந்தைக்கும் செலவிட்ட பணம் அடுக்களையை எட்டுமுன் தீர்ந்துவிடும். அல்லது, எட்டவேண்டியதில்லை என்று ஆண்கள் தீர்மானித்துவிடுவர்.

பழைய அடுக்களை வீட்டிலிருந்து விலகி நின்றது. ஓலைக் கூரைக்குத் தீ அச்சம் என்பது அதற்கொரு காரணம். அரைச்சுவர் மண், மேலே செத்தை, நிலம் மண், அடுப்பும் மண். சமைப்பவள் நிலத்தில் குந்தியிருந்தாள். எனவே அன்றைய மூட்டுவாய் இடுப்பு உயரத்தில் இல்லை. நிலமும் சுவரும் கூடும் அடிமூலையிலும், அடுப்பு சுவரைத் தொடும் இடத்திலும் இருந்தது. அதனை அடைத்த பொருள் புற்றுமண்ணும் சாணியும். களிமண் காய்ந்தாற் சுருங்கி வெடிக்கும். சாணியிலுள்ள புல்நார் அவ்வெடிப்பைக் கட்டுப்படுத்தும். மெழுகும் கை மூலையை மூலையாக விடுவதில்லை. விரல்கள் நிலத்திலிருந்து சுவருக்கு ஒரே வீச்சில் ஏறும்போது அங்கே மெல்லிய வளைவொன்று தானாகவே உருவாகும். வளைவில் நீர் தேங்காது, தும்புத்தடிக்கும் தடையில்லை. இன்று மருத்துவமனைகளின் நிலத்தையும் சுவரையும் அழுக்குச் சேராதவாறு வளைத்து இணைக்கின்றனரே, அதே நுட்பம்தான்.

இதனைக் கண்டு, 'நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்' என்று பெருமை பேசுவோரோடு நாம் உடன்படவில்லை. அந்த மூட்டுவாய் வெடிக்காமல் இருந்ததற்குக் காரணம் சாணியின் மகிமையன்று. வெள்ளிக்கிழமைதோறும், விரத நாள்தோறும் ஒரு பெண் முழங்காலில் நின்று அதனைப் புதுப்பித்தாள் என்பதே. மண்சாந்தின் ஆயுள் மிகக் குறுகியது. அதன் குறுகிய ஆயுளை அவளுடைய நெடிய உழைப்பு மறைத்தது. கணக்கெழுதுவோர் அதனைச் செலவென எழுதவில்லை. ஏனெனில் எவரும் அதற்குக் கூலி கொடுக்கவில்லை. அடுப்புப் புகை கண்ணையும் நெஞ்சையும் அரித்தது வேறு கதை.

மண்ணுக்கு அடுத்தபடியாக வருவது சுண்ணாம்பு. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமர்ந்திருக்கிறது. கருங்கல் இங்கே இயற்கையில் இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லுங்கூட வெளியூரிலிருந்து வந்தவையே. ஆனால் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் வேண்டிய மட்டும் உண்டு. அவற்றைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் நீறு கிடைக்கும். நீற்றை நீரிலிட்டுத் தணித்து, மணலோடு குழைத்தால் சாந்து. அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், கோட்டையை முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் புதிதாக எழுப்பினர். நம் மக்களிடமிருந்து 'ஊழியம்' என்னும் பெயரில் கட்டாய வேலை வாங்கிய ஆட்சி அது. கோட்டையின் மூட்டுவாய்களை ஒல்லாந்தரின் பொறியியற் சாதனையெனப் புகழ்வோர் அந்த வேலையாட்களையும் நினைவிற் கொள்வது நன்று.

சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது சீமெந்தைவிட மென்மையானது. சிறிய அசைவுக்கு இடங்கொடுக்கும். நூலிழை போன்ற வெடிப்பு தோன்றினாலும், உட்புகும் ஈரம் சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய் அவ்வெடிப்பிலேயே படியவைத்து மூடிவிடும். தமிழ்நாட்டுக் கொத்தர்கள் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து இதனை மேலும் இறுக்கினர். நம்மூரில் அதே சுண்ணாம்பு பனைமர உச்சிக்கும் ஏறியது. முட்டியின் உட்புறத்தில் அதனைத் தடவினால் பாளையிலிருந்து ஊறுவது கள்ளாகப் புளிக்காமல் கருப்பநீராகவே நிற்கும். சூளை வைத்தவர், சாந்து அரைத்தவர், மரமேறியவர் ஆகியோர் சமூகத்தின் எந்தப் படியில் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இனிச் சீமெந்துக்கு வருவோம். 1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மேசன் யோசப் அஸ்ப்டின் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்கிய அப்பொருளுக்கு, போட்லாந்துக் கட்டடக் கல்லை ஒத்ததென்று 'போட்லாந்துச் சீமெந்து' எனப் பெயரிட்டார். விரைந்து இறுகும், நீருக்கடியிலும் இறுகும் இப்பொருள் துறைமுகம், பாலம், அணை என்று எங்கும் பரவியது. இலங்கைக்கு அது கப்பலில் வந்தது. கப்பலில் வந்த சீமெந்து யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கும் பாடசாலைக்கும் வசதிபடைத்தோர் வீட்டு முகப்புக்கும் போதியதாக இருந்ததேயன்றி, அடுக்களைக்குப் போதவில்லை.

நிலைமையை மாற்றியது காங்கேசன்துறைத் தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பின்னர், ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. அரசாங்கத்தின் தொழிற்சாலை அது. பின்னர் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் இயங்கியது. சுண்ணாம்புக்கல் அங்கேயே அகழப்பட்டது. களிமண் குடாநாட்டில் அளவாகக் கிடைக்காமையால் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. இரண்டும் சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வெந்தன. வடக்கே செல்லும் களிமண்ணும் தெற்கே செல்லும் சீமெந்தும் கொக்குவில் நிலையத்தைக் கடந்தே சென்றன. தமிழ்த் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் ஒரே ஆலைச் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குச் சென்ற இடம் அது என்பதையும் இங்கே குறித்துவைக்க விரும்புகின்றோம்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் குசினிக்குள்ளும் சீமெந்து நுழைந்தது. முதலில் நிலம், பின்னர் சுவரின் அடிப்பாகம், அதன்பின் மேடை. மெழுகுதல் ஒழிந்தது. பெண்ணின் வாராந்தக் கைவேலை, மேசனின் ஒருநாள் வேலையாக மாறியது. இது சிறிய மாற்றமன்று, வரவேற்கத்தக்க மாற்றம். அக்கால மேடை கம்பியிட்ட சீமெந்துத் தட்டு. அதன் பின்னோரத்தைச் சுவருக்குள் செருகிக் கட்டிவிட்டு, தட்டையும் சுவரையும் ஒரே பூச்சாகப் பூசிவிடுவர். மேடையும் சுவரும் ஒரே உடலாக அசைந்தமையால் மூட்டுவாய் என்று தனியே ஒன்று பெரும்பாலும் இருக்கவில்லை. மேசன்மாரின் கை அந்த முறையிலேயே பழகியது. மேற்கூறிய வினாவுக்கு ஒருபாதி விடை இதில் இருக்கிறது. மேடையின் அமைப்பு மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை.

மறுபாதி விடை வேறோரிடத்தில் உள்ளது. மேடையைக் கட்டியவர் அம்மேடையில் சமையல் நடப்பதைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் ஒடுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த கூலியாள், வீடு கட்டும்போது குசினிக்குள் நின்று சாந்து குழைக்கலாம். குடிபூரல் முடிந்தபின் அந்த வாசற்படியை மிதிக்க முடியாது. அவருக்குத் தேநீர் கொல்லைப்புறத்தில், சிரட்டையிலோ தனிக் கோப்பையிலோ. தாம் அடைத்த கோடு ஓராண்டின் பின் என்னவாயிற்று என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எப்படிக் கிடைக்கும்? தன் வேலையின் விளைவைக் காணாத கை எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்ளும்? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களில் தீண்டாமையைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் தேநீர்க்கடைகளைத் திறப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை நாடே அறியும். சீமெந்துத் தொழிற்சாலையோ அதற்கு மிக அருகிலேயே இருந்தது. தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் போராட்டம் சென்றது. தனியார் குசினிக்குள் சட்டம் செல்லவில்லை, போராட்டமும் செல்லவில்லை.

மேடைக்கு மீள்வோம். பெண் எழுந்து நின்று சமைக்கத் தொடங்கியதோடு மூட்டுவாயும் நிலத்திலிருந்து இடுப்புக்கு உயர்ந்தது. இம்மாற்றத்தின் உலக வரலாறு சுவையானது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரசபை தொழிலாளருக்கென வீடுகள் கட்டியபோது, கட்டடக்கலைஞர் ஏர்ன்ஸ்ட் மையின் கீழ்ப் பணியாற்றிய மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி அவற்றுக்கான குசினியை வகுத்தார். பெண்ணின் ஒவ்வொரு அடியையும் மணிக்கூடு வைத்து அளந்து, இடைவெளியின்றித் தொடரும் வேலை மேடை, கைக்கெட்டும் அலுமாரி, நீர்த்தொட்டி ஆகியவற்றை ஒரு சிறிய அறைக்குள் அடக்கினார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதற்குமுன் தாம் சமையல் செய்ததே இல்லையென அவர் பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறிவந்தார். அவர் கம்யூனிஸ்ட்; நாசிகளுக்கெதிரான மறைமுக இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1941இல் வியன்னாவில் கைதாகி, போர் முடியும்வரை சிறையிலிருந்தார். பெண்ணின் உழைப்பைச் சுருக்கினால் அவள் வெளியுலகுக்கு வருவாள் என்பது அவருடைய எண்ணம். அக்குசினி ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அறையாக அமைந்து, பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்று பிற்காலப் பெண்ணியலார் குறைகூறினர். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. எப்படியாயினும், இன்று உலகெங்கும், கொக்குவிலிலும், நாம் காணும் தொடர் மேடைக்கு மூலங்களுள் ஒன்று அந்தத் தொழிலாளர் குடியிருப்பே. விளம்பரத் தாள்கள் அதனை ஆடம்பரமாகக் காட்டுவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நம் ஊரில் நின்று சமைக்கும் முறையைப் பரப்பியவை மண்ணெண்ணெய் அடுப்பும் பின்னர் எரிவாயு அடுப்புமே. அவை சுவரோரத்தில் மட்டமான மேடையை வேண்டின. ஆனால் மாற்றம் முழுமையடையுமுன் போர் வந்தது.

1990இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது. அதே ஆண்டில் புகையிரதமும் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். அதன்பின் குடாநாட்டின்மீது அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் ஒன்று. நாற்பது ஆண்டுகள் நாட்டுக்கே சீமெந்து அனுப்பிய மண்ணில், ஒரு வெடிப்பை அடைக்க ஒரு சிரங்கை சீமெந்து கிடைக்கவில்லை. சீமெந்து பதுங்குகுழிக்கும் பயன்படும் என்பதே தடைக்குரிய நியாயமாகச் சொல்லப்பட்டது. குசினி மேடையின் வெடிப்பையும் கிணற்றுக் கட்டின் வெடிப்பையும் அந்த நியாயம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் பெற்றோர் தலைமுறையினரிடம் கேட்டால், அந்த ஆண்டுகளில் கறையான்புற்று மண்ணும் சாணியும் மீண்டும் குசினிக்குள் வந்ததைச் சொல்வர். முழங்காலில் நின்று அடைக்கும் வேலையும் அதோடு திரும்பி வந்தது. யாருக்கு வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியது. 1996இல் கொக்குவில் மக்கள் மீண்டு வந்தபோது பல வீடுகளில் கூரையில்லை, கதவில்லை. மேடையும் சுவரும் கூடும் கோட்டைப் பற்றி அப்போது கவலைப்பட எவருக்கும் நேரமில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்ததும் ரைல்ஸ் லொறிகளில் வந்திறங்கியது. 2009இன் பின் அது பெருகியது. இந்திய வீட்டுத்திட்டத்தின் உதவித்தொகை வீடொன்றுக்கு 550,000 ரூபாவாக இருந்தது. அதில் குசினியும் அடங்கியது, ஆனால் கருங்கற் பலகை அடங்கவில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்பிய வீடுகளில் கருங்கற் பலகையும் அதன்கீழ் பலகை அலுமாரியும் வந்தன. இவ்வாறு ஒரே ஒழுங்கையில் இருவகைக் குசினிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றில் சீமெந்துத் தட்டு சுவரோடு சுவராக நிற்கிறது. மூட்டுவாயும் இல்லை, பளபளப்பும் இல்லை. மற்றொன்றில் மேடை அலுமாரியின்மேல் தனியே கிடக்கிறது. மேசனோ இரண்டையும் ஒரே வெள்ளைச் சீமெந்தால் அடைக்கிறார்.

இதற்குள் நம் கிணற்றுநீர் செய்யும் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் சுண்ணாம்புக்கல்லூடாக இறங்கும்போது கல்லைக் கரைத்துக்கொண்டே செல்கிறது. ஆகவே நம் நீர் வன்னீர். மேடையில் சிந்திய நீர் உலர்ந்ததும், கரைந்த சுண்ணாம்பு வெண்படலமாக அந்தக் கோட்டிலேயே படிகிறது. அதனைப் போக்குவதற்குத் தேசிக்காய்த் தோலும் பழப்புளியும் கொண்டு தேய்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். அமிலம் படலத்தைக் கரைக்கிறது, மெய்தான். ஆனால் படலமும் சுண்ணாம்பு, அடைத்த சீமெந்தின் பிணைப்பும் சுண்ணாம்பு சார்ந்ததே. அமிலம் இரண்டையும் வேறுபிரித்து அறியாது. தேய்க்கத் தேய்க்கக் கோடு பள்ளமாகிறது, பள்ளத்தில் மேலும் நீர் தேங்குகிறது, மேலும் படலம் படிகிறது, மேலும் தேய்க்கிறார்கள். இரசாயன பாடத்தில் கரியமிலவாயு பெறும் பரிசோதனையை நாம் மாணவருக்குக் கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டுகிறோம். அதே பரிசோதனை அவர்கள் தாய்மாரின் கைகளில் நாள்தோறும் நடக்கிறது.

அசையும் மூட்டுவாய்க்குரிய பொருள் இழுபடக்கூடியதாக இருக்கவேண்டும். அப்பொருள் சிலிக்கன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பிரெடரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் இவ்வகைச் சேர்மங்களை ஆராய்ந்தார். அவற்றால் நடைமுறைப் பயன் விளையும் என்று அவரே நம்பவில்லை. 1940களில் போர்த்தேவைகள் அவற்றைத் தொழிற்சாலைப் பொருளாக்கின. அதன் பின்னரே கட்டடங்களுக்கு வந்தன. குழாயிலிருந்து பிதுக்கிய சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறப்பர் போலாகிறது. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். அதன் மூலப்பொருள் மணல். தூய சிலிக்கா மணல் நம் வடமராட்சியில் அம்பன், வல்லிபுரம் பகுதிகளில் மேடு மேடாகக் கிடக்கிறது. குழாயோ கப்பலில் வருகிறது. மணலுக்கும் குழாய்க்கும் இடையே உள்ளவை உலைகளும் ஆய்வுகூடங்களும் மூலதனமுமே. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கல்லுக்கும் சீமெந்துக்கும் இடையே இருந்தவையும் அவையே. 1950இல் அந்த இடைவெளியை நாம் ஒருமுறை நிரப்பிக் காட்டினோம். அதற்கு விலையாக அகழ்ந்த குழிகளையும், அவற்றால் நிலத்தடி நீருக்கு நேரக்கூடிய கேட்டையும் மறந்துவிட்டு அத்தொழிற்சாலையைப் பாடிப் புகழவும் நம்மால் இயலாது. கல்லை எடுத்தால் நன்னீரைத் தாங்கும் பாத்திரமே குறைகிறது.

சிலிக்கனும் மந்திரப் பொருளன்று. பழைய சீமெந்தின்மேல் பூசினால் உரிந்து வரும். கோட்டை முழுவதும் சுரண்டி, எண்ணெய்ப்பசையும் ஈரமும் போகத் துடைத்து உலர்த்திய பின்னரே இடவேண்டும். இட்டதும் சவர்க்கார நீரில் நனைத்த விரலால் ஒரே வீச்சில் வழிக்கவேண்டும். மெழுகிய கை செய்த அதே வளைவு அங்கே மீண்டும் உருவாகும். ஒருநாள் முழுவதும் அதில் நீர் படக்கூடாது. காடிமணம் வீசும் மலிவான வகை காய்கையில் அமிலத்தை வெளியிடும். சுண்ணாம்புக்கல், சலவைக்கல் ஆகியவற்றின் ஓரத்தை அது கெடுக்கும். அத்தகைய கல்லுக்கு அமிலம் வெளியிடாத வகையே ஏற்றது. குழாயின்மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கும்படி மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஈரம் மாறாத குசினியில் சில ஆண்டுகளில் பூஞ்சணம் கறுப்பாக ஏறும். அப்போது சவர அலகால் அறுத்தெடுத்துப் புதிதாக இடவேண்டும்.

கொக்குவிலில் அண்மையில் எழுந்த வீடுகளின் மதிப்பீட்டுத் தாள்கள் சிலவற்றை நாம் பார்த்தோம். கல், மணல், கம்பி, சீமெந்து, ரைல்ஸ், கருங்கற் பலகை, மேசன் கூலி, கையாள் கூலி என்று பத்திகள் நீள்கின்றன. கருங்கல்லின் மெருகுக்குக்கூடத் தனி வரி உண்டு. மேடையும் சுவரும் கூடும் கோட்டுக்கு ஒரு தாளிலும் வரி இல்லை. விசாரித்தால், "அதை மேசன் கடைசியிலை பூசிவிடுவார்" என்கின்றனர் வீட்டுக்காரர். மேசனைக் கேட்டோம். "அதுக்கு ஆர் ஐயா காசு தாறது?" என்றார்.